அப்பாவின் கையெழுத்தில் உங்கள் பெயர்

மதிப்புக்குரிய வில்ஹெல்ம் ஃப்ரீடெமான் பாக் அவர்களுக்கு,

மயிலாப்பூரிலிருந்து எழுதுகிறேன். சென்னையில் பியானோ தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் உங்கள் அப்பா, ஜெர்மன் இசையமைப்பாளர் ஜோஹான் செபாஸ்டியன் பாக், பயிற்சிக்காக எழுதிய இன்வென்ஷன் என்னும் சிறு உருப்படிகளைத் தட்டுத் தடுமாறி வாசிப்பது இங்கே மாலை நேரத்துச் சத்தங்களில் ஒன்று. அவற்றின் முதல் வடிவம் உங்களுக்காக அவர் தொடங்கிய நோட்டில்தான் இருக்கிறது. அதை 1720 ஜனவரியில் தொடங்கினார். உங்களுக்கு அப்போது வயது ஒன்பது. அதே ஆண்டில் அம்மாவும் போய்விட்டார்.

அப்பா உங்களைக் கைவிடவே இல்லை. அதுதான் சிக்கலோ என்னவோ. 1733இல் டிரெஸ்டன் தேவாலயத்து ஆர்கன் வேலைக்குப் போன விண்ணப்பம்கூட அவர் கைப்பட எழுதியது. அடியில் உங்கள் பெயர். 22 வயதுப் பிள்ளைக்கு! எங்கள் சபாக்களிலும் அப்பாவுக்குப் பின்பாட்டுப் பாடியே நரைத்தவர்கள் உண்டு. தனிக் கச்சேரி செய்தால், "அப்பா மாதிரி வருமா?" என்று கேன்டீனிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

1764இல் ஹாலே நகர வேலையை, வேறு வேலை கையில் இல்லாமலே உதறினீர்கள். 1784இல் பெர்லினில் இறக்கும்வரை நிரந்தர வேலை அமையவில்லை. பங்காக வந்த அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளை விற்றீர்கள்; பல தொலைந்தே போயின. தம்பி எமானுவேல் தன் பங்கைப் பத்திரமாக வைத்திருந்தார் என்று இன்றும் ஒப்பிட்டுத் திட்டுகிறார்கள். அவருக்கு நிலையான சம்பளம் வந்தது. உங்கள் வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அப்பா கைப்பட எழுதிய ஆர்கன் கான்செர்ட்டோ (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) ஒன்றின்மேல், இது என்னுடையது, அப்பா பிரதியெடுத்தார் என்று பொருள்படக் குறித்துவைத்தீர்களே! அன்று விண்ணப்பத்தில் உங்களுக்காக எழுதியவரை இங்கே உங்கள் எழுத்தராகவே ஆக்கிவிட்டீர்கள். அதிலும் வேடிக்கை, மூலம் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியுடையது; அப்பா ஆர்கனுக்கு மாற்றியமைத்தது மட்டும்தான். 1844இல் அது உங்கள் பெயரிலேயே அச்சாகி, பல்லாண்டு ஊரை ஏமாற்றியது.

இந்தத் திருட்டு உங்களுக்கு எதற்கு? நீங்களே எழுதிய பன்னிரண்டு போலோனேஸ்கள், போலந்து நடன வடிவ உருப்படிகள், உங்களிடம் இருந்தனவே. மூன்று தட்டில் ஆட வேண்டிய நடனம், எஃப் மைனர் சுர வரிசையில் நீங்கள் தொட்டதும் ஆட மறுக்கிறது. ஒரு சொற்றொடர் தொடங்கி, நடுவில் தயங்கி, எதிர்பாராத சுரத்தில் போய் நிற்கிறது. அப்பாவின் கட்டுக்கோப்பில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இருந்திருக்காது.

இன்வென்ஷன் முடித்த பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு அடுத்து இந்தப் போலோனேஸைச் சொல்லிக்கொடுங்கள் என்று அவள் ஆசிரியையிடம் கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை என்கிறார். நான் விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்