அட்டவணையைப் பார்த்துவிட்டு ஆசிரியரைக் கேளுங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவு வந்ததும் தேர்ச்சி குறைந்த பாடத்தின் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கிறார்கள். அந்தப் பள்ளியின் கால அட்டவணையையோ, விடுப்பில் இருப்பவரின் வகுப்பை யார் பார்ப்பது என்று எழுதும் மாற்றுப்பணிப் பதிவேட்டையோ யாரும் கேட்பதில்லை. ஆசிரியரின் வேலை பாதி அந்த இரண்டில்தான் தீர்மானமாகிறது. இரண்டும் தலைமையாசிரியர் கையில் இருப்பவை.

காசிமேடு, ராயபுரம் பக்கம் மீன் ஏலத்துக்குப் பெற்றோர் விடியுமுன் கிளம்பிவிடும் வீடுகளில், பிள்ளைகள் முதல் மணிக்குப் பிந்தி வருவது சகஜம். ஐந்து நாளும் முதல் பாடவேளையைக் கணக்குக்கே கொடுத்தால் அந்த ஆசிரியர் அரை வகுப்புக்குத்தான் பாடம் நடத்துவார். கணக்கை இரண்டு மூன்று நாளாவது அடுத்த வேளைக்கு நகர்த்தலாம், பைசா செலவில்லை.

மாற்றுப்பணி இதைவிட மோசம். ஒருவர் சி.எல். (தற்செயல் விடுப்பு) எடுத்தால் அவருடைய ஐந்தாறு வேளையும், மறுத்துப் பேசத் தெரியாத இரண்டு பேர் தலையில் விழும். அவர்களுக்கு ஓய்வு வேளைதான் நோட்டுத் திருத்தும் நேரம். 40 நோட்டுக்குத் தலா 2 நிமிடம் என்றாலே 80 நிமிடம், கிட்டத்தட்ட இரண்டு வேளை. அது பறிபோனால் திருத்தம் வெறும் ‘டிக்’ ஆகிவிடும். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தெரியாமலே அடுத்த பாடத்துக்குப் போவார்கள். பெயர் வரிசைப்படி சுழற்சி, ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு வேளைக்கு மேல் இல்லை, கூடியவரை அதே பாட ஆசிரியர் என்று வைத்தால் போதும். தலைமையாசிரியர் தன் பெயரையும் அந்த வரிசையில் எழுதிக்கொண்டால் ஆசிரியர் அறை முணுமுணுப்பு தானாக அடங்கும்.

பாடக்குறிப்பில் தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது மேற்பார்வை ஆகாது. கடைசி பெஞ்சில் 20 நிமிடம் உட்கார்ந்து, மூன்று பிள்ளைகளின் நோட்டைப் புரட்டி, அன்று மாலையே ஆசிரியரைத் தனியாக அழைத்து ஒரே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அது நடந்ததா என்று அடுத்த வாரம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வருகைதான். பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டால், அதன்பின் அந்த ஆசிரியர் தனக்குத் தெரியாததை யாரிடமும் கேட்கமாட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மழைக்குத் தண்ணீர் நிற்பது தெரிந்த கதை. எந்தப் பாடத்தை முன்கூட்டி முடிப்பது என்று அக்டோபரிலேயே பேசி முடிவெடுத்தால் ஜனவரியில் மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை.

இதையெல்லாம், பதவி காலியாக இருக்கும் பள்ளியில் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்புத் தலைமையாசிரியரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவருக்குத் தன் வகுப்பும் உண்டு, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளப் பதிவும் உண்டு, அலுவலகமும் உண்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. தலைமைப்பண்புப் பயிற்சி பிறகு இருக்கட்டும். பதவி உயர்வுக் கலந்தாய்வை ஜூனில் பள்ளி திறக்குமுன் முடித்து, காலியிடங்களை முதலில் நிரப்புங்கள்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81