வாழையடியில் புதைத்த சிம்பல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

தைப்பொங்கலன்று கதைக்கும்போது, டிரம்ஸோடு அடிக்கும் புதுச் சிம்பல் தட்டு காதைக் கிழிக்கிறது, சத்தம் அடங்க உப்பும் வினாகிரியும் பூசி மண்ணில் புதைக்கப்போகிறேன் என்றாய். பொறு மனே, நான் முதலில் செய்து பார்க்கிறேன் என்றேன். செய்தாயிற்று.

நீ விட்டுப்போன பழைய பித்தளைச் சிம்பலைத் தட்டி, சத்தத்தை ஃபோனில் பதிந்துவைத்தேன். பிறகு உப்பு வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றிக் கிணற்றடி வாழைக்குள் புதைத்தேன். ஆறு கிழமை கழித்துத் தோண்டினால் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. கம்பனி பூசிய லாக்கர் வார்னிஷ் போகாத இடங்கள் மட்டும் தங்கத் தீவுகள் மாதிரி மினுங்கின.

மண்ணோடு தட்டினேன், சத்தம் அடங்கியிருந்தது. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் கழுவித் துடைத்துத் தட்டியதும் பழைய சத்தம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. கடைந்த வரிகளுக்குள் அப்பியிருந்த சேறுதான் அதை அமுக்கியிருக்கிறது. களிம்பால் கடைசியில் இழுபடும் அந்த 'சீ' மட்டும் கொஞ்சம் குறைந்தது. அடிச்சுருதி அசையவே இல்லை. அது தகட்டின் கனத்திலும் அகலத்திலும் சுத்தியல் அடியிலும் இருக்கிறது.

என்னைப் பயப்படுத்தியது அதற்குப் பிறகு நடந்ததுதான். கழுவிக் காயவைத்த நாலாம் நாள் பச்சைத் தூள் திரும்பவும் பூத்தது. உப்பு உலோகத்துக்குள் இறங்கினால் ஈரக்காற்றுப் படப்பட அரித்துக்கொண்டே இருக்கும். நடு ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்தால் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படுகின்றன. வெடிப்பு அப்படியான இடத்தில்தான் தொடங்கும். உன் புதுச் சிம்பல் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். விலையும் அதிகம், வெடித்தால் ஒட்டவைக்கவும் முடியாது. தயவுசெய்து புதைக்காதே.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கொண்டுவரும் சல்லரித் தாளம் உனக்கு ஞாபகம் இருக்கும். புளி போட்டு விளக்கித் தரட்டுமா என்று சின்ன வயதில் கேட்டு ஏச்சு வாங்கினேன். அந்தக் கறுப்பு, வருசக்கணக்காகக் கைபட்டு வந்தது. நீயும் உன்னுடையதைத் துடைத்து மினுக்காமல் அடித்துக்கொண்டே இரு.

அவசரமென்றால் அடிப்பக்கத்தில் விரலகலத் துணி டேப் ஒட்டிப்பார். 'சீ' குறையும், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

இரண்டு ஒலிப்பதிவையும் பெயர் போடாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரவு வேலை முடிந்து வந்து கண்ணை மூடிக் கேள். எது புதைக்க முன்னம், எது பின்னம் என்று எழுது.

அன்புடன்,
அப்பா