பாரிசுக்கு விடுமுறையில் வரும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், ரொறன்ரோ, ஜேர்மனிச் சொந்தங்களுக்கு,

ஜூலை பிறந்தால் போதும், வரத் தொடங்கிவிடுவீர்கள். ஈபிள் கோபுரம், படகுச் சவாரி, நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு கொத்துரொட்டி, அப்புறம் லூர்து மாதா. குறை சொல்லவில்லை, இவ்வளவு காலமும் கூட்டிக்கொண்டு திரிந்தவன் நான்தானே. இந்த முறை ஒரேயொரு காலைப்பொழுதை முஃப்தார் என்ற பழைய சந்தைத் தெருவுக்குத் தாருங்கள். பார்க்க அல்ல, சாமான் வாங்க.

சிலர் ஏற்கெனவே போயிருக்கிறீர்கள், தெரியும். பன்தெயோன் நினைவு மண்டபத்துப் பக்கமிருந்து, தெருவின் மேல் முனையிலுள்ள கொன்த்ரெஸ்கார்ப் சதுக்கத்துக்கு வந்து, கோப்பி குடித்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள். பிறகு, "சந்தை என்றாய், வெறும் சாப்பாட்டுக்கடைதானே கிடக்கு" என்று என்னைக் கேட்டீர்கள். சந்தை கிடப்பது கீழே. சுமார் 600 மீற்றர் நீளத் தெரு அது. மேட்டிலிருந்து சென் மெதார் தேவாலயம் வரை சரிந்து இறங்குகிறது. மரக்கறி, மீன், இறைச்சி, சீஸ் எல்லாம் அடிவாரத்தில்தான். ஆகவே கீழிருந்து ஏறுங்கள். புறநகரான லாகூர்னெவ்வில் நம்மவர்கள் ஏறுகிற அதே 7-ஆம் இலக்க மெத்ரோதான், சொன்சியே தொபாந்தோனில் இறங்கினால் சரி. வண்டி மாறவே தேவையில்லை.

கடைக்கு முன்னால் நின்றதும் முதலில் "பொன்ஜூர்" சொல்லுங்கள். அது இல்லாமல் விலை கேட்டால் இங்கே சண்டைக்கு வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அடுத்தது, பழத்தில் கை வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பழகிய கை என் சித்தியுடையது. போன வருஷம் ஒரு கடையில் தக்காளியை அமுக்கிப் பார்த்துவிட்டார். கடைக்காரர் சத்தம் போட, சித்திக்கு வந்ததே கோபம். "வெண்டிக்காயை நுனி முறிக்காமல் எப்படியடா வாங்கிறது?" நியாயமான கேள்விதான். இங்கே அந்த வேலையைக் கடைக்காரரே செய்கிறார். முலாம்பழம் கேட்டால், "இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா?" என்பார். ஒவ்வொன்றாகத் தூக்கி, காம்புப் பக்கம் முகர்ந்து, உங்கள் நாளுக்கு ஏற்றதைத் தருவார். கமாம்பேர் சீஸுக்கும் அதே கேள்விதான். அன்று பின்னேரம் அந்தப் பழத்தை வெட்டியபோது சித்தி ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் துண்டு எடுத்தார்.

விலைப்பலகையை முழுக்க வாசியுங்கள். கிலோவுக்கா, ஒன்றுக்கா என்று எழுதியிருக்கும், எந்த நாட்டுப் பழம் என்பதும் இருக்கும். மாம்பழத்தை அங்கே வாங்காதீர்கள், அதற்கு லாச்சப்பல் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வந்தால் மிராபெல் என்ற சின்ன மஞ்சள் பிளம்ஸைத் தவற விடாதீர்கள்.

ஏன் வாங்கச் சொல்லி நிற்கிறேன்? நாம் எடுக்கும் படம் மீன்கடைக்காரரின் வாடகையைக் கட்டாது. மேல் பாதியில் இப்போது பெரும்பாலும் நம்மைப் போன்ற விருந்தாளிகளுக்கான கடைகள்தான். கீழ்ப் பாதியிலோ இன்னமும் பக்கத்து வீட்டுக் கிழவி கூடையோடு வந்து இரண்டு லீக்ஸ் வாங்கிப் போகிறார். அந்தக் கிழவிக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ரோமர் காலத்தில் லியோனுக்கும் இத்தாலிக்கும் போன பாதை இது. பக்கத்தில் ஓடிய பியேவ்ர் ஆற்றில் தோல் பதனிட்டவர்களால் எழுந்த நாற்றத்தால்தான் முஃப்தார் என்ற பெயர் வந்தது என்று ஒரு கதையும் உண்டு. அந்த ஆறு இப்போது நிலத்துக்கடியில்.

53-ஆம் இலக்க வீட்டுக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1938-இல் அதை இடித்தபோது 3,000-க்கு மேற்பட்ட தங்க நாணயங்கள் வெளியே வந்தன. எல்லாம் பதினைந்தாம் லூயி மன்னன் காலத்துக் காசு. யாரோ ஒரு தகப்பன் மகளுக்கென்று ஒளித்துவைத்தது. இதைக் கேட்ட நாளிலிருந்து என் மச்சான் அந்தத் தெருவில் சுவரைத் தட்டித் தட்டித்தான் நடக்கிறார்.

சென் மெதாரிலும் ஒரு கதை. 1727-இல் அங்கே புதைக்கப்பட்ட ஒரு துறவியின் கல்லறையில் நோய் தீருகிறது என்று சனம் கூடி, விழுந்து உருண்டு, சன்னதம் கொண்டு ஆடியது. 1732-இல் அரசன் அந்த மயானத்தைப் பூட்டினான். இந்த இடத்தில் கடவுள் அற்புதம் செய்யக்கூடாது, இது அரச கட்டளை என்று யாரோ குறும்பன் வாசலில் எழுதிவைத்தானாம்.

இப்போது அதே தேவாலயத்து முன்றிலில் ஞாயிறு காலையில் அக்கோர்டியன் வாசிப்பார்கள், வயதான சோடிகள் கைகோத்து ஆடுவார்கள். பாட்டு வரிகள் அச்சடித்த தாளை உங்கள் கையிலும் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் கடந்தால் கடைகள் சாத்தத் தொடங்கும். திங்கட்கிழமை வரவே வராதீர்கள், பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும்.

பை ஒன்று கொண்டு வாருங்கள். சில்லறையும்.

அன்புடன்,
லாகூர்னெவ்விலிருந்து உங்கள் தம்பி