வளைவில் பிக்கப்பை நிறுத்திய அக்காவுக்கு

பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். உறைபனியில் கருகிப்போன நம் பள்ளி மாடித் தோட்டத்தின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியதே, அதை எடுத்து அனுப்பியது நான்தான். அன்று காலை பிள்ளைகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், செய்ய ஒன்றும் தோன்றாமல், படம் எடுத்தேன்.

தப்பு என்னுடையது. மேகமில்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அதனால்தான் உறைபனி என்று ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள் நான். அந்தச் சாயங்காலம் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன். பீன்ஸும் உருளையும் கருகின. கேரட்டும் பூண்டும் தாங்கின. அவரைப் பந்தல் பாதி போயிற்று.

மறுநாள் தூக்கம் வரவில்லை. நாலரை மணிக்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். மேலே ரோட்டு வளைவில் ஒரு பிக்கப் நின்றிருந்தது. கேரட் பிடுங்கப் போகும் பெண்கள் தொட்டியிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு, வெளிப்படியில் வரிசையாக நின்று கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாடியில் தலையில் மஃப்ளர் சுற்றிய ஓர் அக்கா, செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், வெயில் ஏறும் முன்னாடி பனியைக் கரைச்சு விட்டுடணும். பனியோட வெயில் பட்டாக் கருகிடும்னு சொல்வாங்க" என்றார். தினமும் அந்த வளைவில் வண்டி திரும்பும்போது கீழே எங்கள் மொட்டைமாடி தெரியுமாம். அவரைப் பந்தலைப் பார்த்துக்கொண்டே போவாராம். முந்தின நாள் கறுப்பாகத் தெரிந்ததும் மனசு கேட்கவில்லை என்றார்.

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பியாக வேண்டும். அந்த நேரமெல்லாம் இவர்கள் கூலியில்தான் கை வைக்கும். அதற்குப் பிறகும் மூன்று நாள் அந்த வளைவில் வண்டி நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஒரு குடம் ஐஸ் தண்ணீரை அந்நேரத்தில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். என் விரல் இன்னும் மரத்திருக்கிறது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனி படாமல் நாற்றுகளைப் போர்த்துவதுபோலவே கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்த அப்பாக்கள், தொட்டியை நிரப்பி வைத்த மோட்டார் அண்ணன், மண்பாரம் கூடாமல் தேங்காய் நார்க்கழிவு கலந்து கொடுத்த நர்சரிக்காரர், டீக்கு இன்றுவரை காசு வாங்காத கடைக்கார அண்ணாச்சி.

"தரையில் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லையே" என்று சிலர் கேட்டீர்கள். சரிதான். ஆனால் எங்கள் பள்ளியில் நாலு செடி வைக்கச் சமதளம் ஏது? இருக்கிற துண்டு நிலமும் காட்டெருமைக்கும் பன்றிக்கும்தான் போகும். மாடியில் பிள்ளைகள் பெயிண்ட் டப்பாவில் வளர்க்கிறார்கள். எது பனிக்குத் தாங்கும், எது தாங்காது என்று இப்போது அவர்களே எனக்குச் சொல்கிறார்கள்.

இனி டிசம்பர் பிறந்தால் மிலார் மாடியில் தயாராக இருக்கும். சாயங்காலம் வானத்தைப் பார்க்க ஏழாம் வகுப்பில் முறை போட்டாயிற்று, என் பெயரும் அதில் உண்டு.

அப்புறம், தப்பிப் பிழைத்த கேரட்டில் ஒரு கட்டு பிடுங்கி, பிள்ளைகள் வளைவில் காத்திருந்து அந்த அக்காவிடம் நீட்டினார்கள். வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "கேரட்டா? கண்ணு, ராத்திரியெல்லாம் அதைத்தானே பார்க்கிறோம். அவரை காய்ச்சதும் குடுங்க."

பந்தலின் மிச்சப் பாதியில் இந்த வாரம் பூ விட்டிருக்கிறது அக்கா.