ஏரி நீர்மட்டத்துக்குக் கீழே இன்னொரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர்மட்டத்தைத் தினமும் கட்டம் போட்டு வெளியிடுகிறீர்கள். பேப்பரைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், 2019 தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அப்புறம் வந்த பழக்கம் இது. ஆனால் பூண்டியில் இவ்வளவு, செங்குன்றத்தில் இவ்வளவு என்று படித்து முடித்த பிறகும் எனக்கு வேண்டிய விஷயம் அதில் இருப்பதில்லை. எந்த அளவுக்குக் கீழே போனால் குடிநீர் வாரியம் என்ன செய்யப்போகிறது? யாருக்கு, எப்போது, எவ்வளவு குறைப்பார்கள்? இதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2019 மே மாதத்திலேயே எங்கள் கொளத்தூர் தெருவில் போர்வெல்கள் ஒவ்வொன்றாகக் காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டன. தனியார் லாரிக்குச் சொல்லிவைத்தால் அது ராத்திரி ஒரு மணிக்கு வரும், இரண்டு மணிக்கு வரும், சில நாள் வராமலே போகும். அதற்காக வீட்டில் யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று வேலைக்குப் போகும் பெண்கள் முறை வைத்து லீவு போட்டோம். என் மாமியார் எழுபது வயதில் மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கால் வீங்கிக் கிடந்தார்.

வாரியம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் 1 சதவீதம்கூட இல்லாத ஜூன் மாதத்திலும், ஒரு நாளைக்கு 83 கோடி லிட்டர் தேவைப்படும் ஊருக்குச் சுமார் 52 கோடி லிட்டராவது கொடுத்தார்கள். வீராணம் ஏரியிலிருந்து குழாயில் வந்தது, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள், சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள், திருவள்ளூர்ப் பக்கம் விவசாயக் கிணறுகளிலிருந்தும் எடுத்தார்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் சிலர் வேடிக்கை பார்க்கவே போனார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று நகரத்துக்குக் கொடுத்த தண்ணீரில் அது அரை சதவீதம்கூட வராது.

அந்த ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, தாகத்துக்கு அரை சதவீதமும் தண்ணீர்தான். ஆனால் 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது டிசம்பர் முடியும்போதே எல்லோருக்கும் தெரியும். அடுத்த பருவமழைக்குப் பத்து மாதம் இருந்தது, ஊருக்கு மாதம் கிட்டத்தட்ட ஒரு டிஎம்சி (நூறு கோடி கன அடி) வேண்டும் என்பதும் தெரிந்த கணக்கு. பொங்கல் சமயத்திலேயே "ஏரியில் இவ்வளவுதான் இருக்கிறது, இன்றிலிருந்து ஆளுக்கு இவ்வளவு லிட்டர்தான், இந்த அளவுக்கு இறங்கினால் அடுத்த குறைப்பு" என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தால் ஜூன் மாதம் அப்படி இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் அதற்கு முந்தைய வருஷம் இதைத்தான் செய்தார்கள். அணைகளில் நீர் 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடிவிடுவோம், அப்புறம் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். 2018 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். ஊர் பயந்தது உண்மை, ஆனால் மூன்று வருஷத்தில் தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, குழாய்களை மூட வேண்டிய நாள் வரவே இல்லை.

முன்னாடியே சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்று நம் ஊரில் சொல்கிறார்கள். சொல்லாமல் விட்டபோது மட்டும் என்ன நடந்தது? பணம் உள்ளவர்கள் லாரி லாரியாக வாங்கித் தொட்டியை நிரப்பினார்கள், அந்த லாரிகள் புறநகர்க் கிராமங்களின் நிலத்தடி நீரை உறிஞ்சின, குடத்தோடு நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இன்னும் தண்ணீர் மீட்டர் இல்லை. நான் எவ்வளவு செலவழிக்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது ஆளுக்கு 50 லிட்டர் என்றால் எதை வைத்து அளப்பது? வறட்சி வந்த பிறகு மீட்டர் மாட்ட முடியாது, ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே மாட்ட வேண்டும். 2024-இல் நெம்மேலியில் நாளைக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை வந்துவிட்டது, இனி பயமில்லை என்கிறார் எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர். அதற்கு ஆகும் மின்சாரத்தையும், செங்கல்பட்டு வரை ஊர் வளர்ந்துகொண்டே போவதையும் பார்த்தால் எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

குடிநீர் வாரியம் அந்தப் படிகளை எழுதி வெளியிடட்டும்: ஆறு டிஎம்சியில் என்ன, நான்கில் என்ன, இரண்டில் என்ன என்று. வெளியிடும்வரை நீங்களும் கேட்டுக்கொண்டே இருங்கள். வெளியிட்ட பிறகு உங்கள் நீர்மட்டக் கட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு வரிக்கு இடம் கொடுங்கள், இன்றைக்கு நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொளத்தூர், சென்னை