சமணர் ஏர் பிடிப்பதில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகாவீரர் ஜெயந்தியை ஒட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழுதால் புழு பூச்சி சாகும் என்பதால் சமணர்கள் விவசாயமே செய்வதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டார் கட்டுரையாளர். வந்தவாசிப் பக்கம் வந்து பார்க்கட்டும். நயினார்கள் எனப்படும் தமிழ்ச் சமணர்களாகிய நாங்கள் தலைமுறை தலைமுறையாக நெல்லும் மணிலாக்கொட்டையும் (வேர்க்கடலை) பயிரிடுகிறோம். கோலாப்பூர், சாங்கலி, பெல்காம் பக்கமும் சமண விவசாயிகள் ஏராளம். உழவைக் கற்றுக்கொடுத்தவரே முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் என்கின்றன எங்கள் புராணங்கள்.

அப்படியானால் அகிம்சை என்ன ஆவது என்று கேட்கலாம். இல்லறத்தாருக்கு இம்சையை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே கொல்வது சங்கற்ப இம்சை. அதை அறவே விட வேண்டும். வீட்டு வேலையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வதை முடிந்தமட்டும் குறைக்க வேண்டும். உழவு தொழிலில் சேரும்.

குறைப்பது என்றால் எப்படி? என் பாட்டி கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். பிறகு துணியில் தங்கிய சிற்றுயிர்கள் போக, வடிகட்டிய நீரை ஊற்றியே துணியைத் திருப்பி அலசி, அலசிய நீரை வாளியில் மெல்ல இறக்கி அதே கிணற்றில் விடுவார். மேலிருந்து கொட்டினால் திட்டு விழும். அந்த நீரில் பிறந்த உயிர் அந்த நீருக்கே போக வேண்டுமாம். இப்போது குழாய்த் தண்ணீர். எந்தக் கிணற்றைத் தேடுவது?

ஏரைவிட எங்களை அதிகம் உறுத்துவது பூச்சிமருந்து தெளிப்பதுதான். புழு சாகட்டும் என்றுதானே தெளிக்கிறோம்? தொழிலில் நேர்ந்தது என்று அதற்குக் கணக்குச் சொல்ல முடியுமா? எலிக்கு மருந்து வைப்பவர்களும் உண்டு, வைக்க மாட்டேன் என்று நஷ்டப்படுகிறவர்களும் உண்டு. இதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஓயவில்லை. கட்டுரையாளர் இதைக் கேட்டு எழுதியிருந்தால் படிக்க ருசியாக இருந்திருக்கும்.

இன்னொன்று. தமிழ்ச் சமணர் பற்றிய பத்திக்கு மேல் வாய்த்துணி கட்டிய துறவியர் படம். நாங்கள் ஆடையில்லா முனிவர்களைப் போற்றும் திகம்பரர்கள்; வாய்த்துணி கட்டியே இருப்பவர்கள், வெள்ளாடைத் துறவியரைக் கொண்ட சுவேதாம்பரரில் ஸ்தானகவாசி, தேராபந்திப் பிரிவுத் துறவியர். எங்கள் முனிவர் கையில் இருப்பது மயிற்பீலி. மயில் தானாக உதிர்த்த இறகுகளைக் கட்டியது அது. உட்காருமுன் அதனால் தரையை மெல்லத் தடவிவிடுவார், எறும்பு இருந்தால் விலகட்டும் என்று. அடுத்த முறை தமிழ்ச் சமணரின் மேல்சித்தாமூர் மடத்துக்கு ஒரு புகைப்படக்காரரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வந்தவாசி வட்டம்.