விளையாட்டுக்குள் எடுத்த படங்கள்: ஆரணி நண்பனுக்கு ஒரு பதில்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் வளைகாப்பு நல்லபடியாக நடந்ததையும், ஸ்டூடியோவை இனி மருமகனே பார்த்துக்கொள்வார் என்பதையும் அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே வெயில் வழக்கம்போலத்தான். பகலில் வெளியே தலைகாட்ட முடிவதில்லை. வீடியோ கேமுக்குள் உலவி, அங்கே தெரியும் காட்சிகளைப் படமெடுத்து நான் அனுப்பியவற்றைப் பார்த்துவிட்டு, "மலையும் வேறொருவன் செய்தது, மேகமும் வேறொருவன் செய்தது, இதில் நீ எடுத்தது என்ன?" என்று கேட்டிருந்தாய். அதற்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நம் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களை நீ எத்தனை முறை படமெடுத்திருக்கிறாய்! யாளிகளைச் செதுக்கியவன் விஜயநகரக் காலத்துச் சிற்பி. ஆனாலும், பக்கவாட்டில் வெளிச்சம் விழும் வேளையைப் பார்த்து, தரையோடு தரையாகக் குனிந்து நீ எடுத்த படத்தை எவரும் சிற்பியின் படம் என்று சொன்னதில்லை. உலகத்தை யார் செய்திருந்தாலும், எங்கே நிற்பது, எந்தக் கணத்தைப் பிடிப்பது, ஓரத்தில் எதை விலக்குவது என்பவை எடுப்பவனின் தீர்மானங்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாதை வளைந்து மலையுச்சியில் திரும்பியதும் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரியும்படி சில இடங்களை விளையாட்டைச் செய்தவர்களே திட்டமிட்டு அமைத்திருக்கிறார்கள். அங்கே எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கும். அதனால் அவ்விடங்களில் நான் குதிரையை நிறுத்துவதில்லை.

குதிரை என்றேன் அல்லவா? மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற பிளேஸ்டேஷன் என்னும் வீடியோ கேம் கருவியில் நான் அதிகம் உலவுவது 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்னும் விளையாட்டுக்குள். 2018 இல் வெளிவந்த அது, 1899 ஆம் ஆண்டின் அமெரிக்காவைக் கற்பனை மாநிலங்களாக அமைத்துக் காட்டுகிறது; பனிமலை, புல்வெளி, சதுப்பு நிலம், புகை கக்கும் நகரம் ஆகிய எல்லாமே குதிரையேறிப் போகும் தொலைவில் இருக்கின்றன. கதைப்படி நான் கொள்ளைக்கூட்டத்தைச் சேர்ந்தவன், ஆனால் கொள்ளையடிப்பதை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டேன். அதே கதையில் ஆல்பர்ட் மேசன் என்றொரு இயற்கைப் புகைப்படக்காரர் வருகிறார். அவருடைய பையைக் கயோட்டி என்னும் ஓநாய் இனத்து விலங்கு கவ்விக்கொண்டு ஓடும். பிறகு ஓநாய்களையும் முதலைகளையும் படமெடுக்கப் போய் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்வார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவுதான் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே.

அங்கே வெளிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நீ நம்ப மறுப்பாய். விளையாட்டில் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 48 நிமிடங்களில் முடிந்துவிடும். சூரியன் முப்பது மடங்கு வேகத்தில் ஓடுகிறது. நீ மாலையில் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு வேலை செய்யும் மஞ்சள் வெயில், அங்கே இரண்டே நிமிடம். விளையாட்டுக்குள்ளேயே படமெடுப்பதற்கான போட்டோ மோடைத் திறந்தால் உலகம் அப்படியே உறைந்து நிற்கும். கேமராவை மட்டும் ஓர் எல்லைக்குள் நகர்த்தலாம், சாய்க்கலாம், ஜூமையும் ஃபோகஸையும், படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரையும் மாற்றலாம். சூரியனை நகர்த்த முடியாது. ஆகவே இடத்தை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொண்டு, விடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நான் அனுப்பியவற்றுள் மூன்றாவது படம், பயூ நுவா என்னும் சதுப்பில் அப்படி நின்று எடுத்தது. மரங்களுக்கு நடுவே மூடுபனியைத் துளைத்துக்கொண்டு வெயில் இறங்கிய நேரத்தில், கொக்கு ஒன்று தானாகவே நீருக்குள் நடந்து வந்தது. அந்தக் கொக்கை அந்த நொடியில் அந்த இடத்தில் யாரும் வைக்கவில்லை. விலங்குகள் அவற்றுக்கான விதிகளின்படி திரிந்துகொண்டே இருக்கின்றன.

2020 இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்னும் இன்னொரு விளையாட்டில் இந்தக் காத்திருப்புக்கு வேலையில்லை. பொழுதையும் வானிலையையும் காற்றின் திசையையும், பறக்கும் இலைகளின் வகையையும்கூட நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். படங்கள் மிக அழகாகவே அமைகின்றன. எனக்குத்தான் அவற்றில் ஒட்டுதல் குறைவு. ஆனால் இல்லாத ஊரைப் படமெடுக்கிறேன் என்று நீ சொல்வது அதற்குப் பொருந்தாது. சுஷிமா ஜப்பானில் உள்ள தீவு. 1274 ஆம் ஆண்டின் மங்கோலியப் படையெடுப்புதான் கதைக்களம். 2020 இல் அந்தத் தீவின் கோயில் வளைவு ஒன்று புயலில் சாய்ந்தபோது, அதை மீண்டும் எழுப்ப இந்த விளையாட்டை ஆடியவர்கள் பலர் பணம் அனுப்பினார்கள்.

உன்னுடைய கேமராவால் முடிந்து இங்கே முடியாதவையும் உண்டு. ஜலகம்பாறை அருவியை நீ ஷட்டரை மெதுவாக்கி எடுத்தாயே, அப்படித் தண்ணீரைப் பாலாக வழியவிட எனக்கு வழியில்லை. உறைந்த உலகத்தில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஒன்றுதான். பின்புல மங்கலும் லென்ஸ் தருவதன்று. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கொண்டு கணக்கிட்டுப் பூசப்படுவது. அதனால்தான் இரண்டாவது படத்தில் குதிரையின் பிடரி மயிர் ஓரங்கள் கத்தரித்தாற்போல் இருக்கின்றன. நீ அதைக் கவனித்திருப்பாய். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ்தான். பாலாற்றுப் பாலத்திலிருந்து நீ நம் மொட்டைப் பாறை மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி எடுப்பதைப் போல அங்கே எடுக்கப் போனால், தூரத்து மலையின் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. கணக்கீட்டுச் சுமையைக் குறைப்பதற்காகத் தொலைவில் உள்ள மரங்களையும் பாறைகளையும் எளிமையாக்கி வைத்திருக்கிறார்கள். ஜூம் செய்தால் மரம் தட்டையான அட்டையாகத் தெரிகிறது. அதை மறைக்க மூடுபனி உள்ள காலைப்பொழுதுகளையே நாடுகிறேன். என் படங்களில் பனி அதிகம் என்று நீ கேலி செய்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பழக்கம் புதியதும் அன்று. 2004 இல் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ 4' என்னும் கார்ப் பந்தய விளையாட்டிலேயே, காரை ஊர்களில் நிறுத்திப் படமெடுத்து, பிரிண்டரில் அச்சிடும் வசதி இருந்தது. நீ அப்போது ஃபிலிம் சுருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய்.

அச்சு என்றதும் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்றாவது படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். படம் 3840-க்கு 2160 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் 12.8-க்கு 7.2 அங்குலம்தான் வரும், அது கூடத்துச் சுவருக்குச் சிறியது. 18-க்கு 12 அங்குலத் தாளை நிரப்ப வேண்டுமானால் அங்குலத்துக்கு 180 புள்ளிகளே மிஞ்சும். அதோடு இரு பக்கமும் வெட்ட வேண்டியிருக்கும். கொக்கோ இடது ஓரத்தில்தான் நிற்கிறது. வெட்டாமல் மேலும் கீழும் வெள்ளை விளிம்பு விட்டு, பளபளப்பில்லாத மேட் தாளில் போட்டால் பனிப்பகுதி திட்டுத்திட்டாகத் தெரியாமல் இருக்குமா என்று மருமகனையும் கேட்டு எழுது. நீ சரி என்றால் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரணிக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்